ஓட்டுநர் உறங்குகிறார்

படத்திலிருந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பஸ்ஸின் ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. படத்துக்கு மேலே மஞ்சள் எழுத்தில் ஒரு வரி:

‘ஓட்டுநர் உறங்குகிறார்.. ஊர் எங்கே போகும் ?’

கீழே மூலையில் தற்போதைய மேயரின் முகம், அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மேயர் தேர்தலுக்கு இன்னும் ஆறே நாள். எட்டு நாளில் இந்தப் படத்தை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“மூணாவது நாள் டெப்போ வாசல்ல வச்சு அப்பாவை இழுத்துப் போட்டு அடிச்சுட்டாங்க சார். ‘குடிச்சுட்டா வண்டி ஓட்டறே’ன்னு கேட்டு அடிச்சிருக்காங்க. தோள் எலும்பு முறிஞ்சுபோச்சு. அப்பா குடிக்கவே மாட்டார்.”

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். படத்தில் தூங்கியவரின் மகள். பேசும்போதெல்லாம் விரல்களை ஒவ்வொன்றாக நெரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரே ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று கூப்பிடும். அவர் ஒருநாளும் போஸ்ட்மாஸ்டராக இருந்ததில்லை. விலாசம் புரியாத கடிதங்களைப் பிரித்து, எழுதியவர் யார் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பிரிவில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்றதும் தையல்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, துப்பறிவதாகப் போர்டு மாட்டிக்கொண்டார். கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டெப்போவுல விசாரணை” என்றாள் அவள். “டியூட்டி நேரத்துல தூங்கினார்னு முடிவு பண்ணிட்டா வேலை போயிடும். ரிட்டையர் ஆக எட்டே மாசம்தான் சார் இருக்கு.”

“அப்பா என்ன சொல்றார்?”

“ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். யார் எடுத்தாங்கன்னுகூடக் கேட்கலை. சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார்.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“டைப்பிங் வேலை” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். “விவரமெல்லாம் நேத்தே அக்காவுக்கு மெசேஜ்ல போட்டிருக்கேன்.”

அவள் சொன்ன அக்கா, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுண்டெலி; வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. போஸ்ட்மாஸ்டரின் அக்கா மகள், முப்பத்தைந்து வயது. ஒன்பது வருஷம் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்துவிட்டு, முதலாளியை ஒரு வார்த்தை கூடுதலாகக் கிண்டல் செய்ததால் மாமாவிடம் வந்து சேர்ந்தவள்.

அவள் நீட்டிய போனில் அந்த மெசேஜ் இருந்தது.

‘அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர்.. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது.. இந்தப் படத்தை எடுத்தது யார் ? போட்டது யார் ?’

போஸ்ட்மாஸ்டர் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை படித்தார்.

“படம் எப்போ எடுத்ததுன்னு தெரிஞ்சாலே பாதி தீர்ந்தது” என்றாள் சுண்டெலி. “ஆனா கை மாறக் கை மாற அந்த நேரமெல்லாம் உதிர்ந்துடும் மாமா. எடுத்த போன்ல மட்டும்தான் இருக்கும்.”

“அப்போ எடுத்த போனைப் பிடிப்போம். இந்த ஓரத்துல பழுப்பா ஏதோ தெரியுதே, என்ன அது?”

“விரல். கேமராவை மறைச்சுட்டு எடுக்கறது ஒரு தனிக் கலை. எங்கம்மா அதுல டாக்டர் பட்டமே வாங்கலாம்.”

“விரல்ல தையல் போட்டிருக்குமா?”

சுண்டெலி படத்தைப் பெரிதாக்கினாள். பழுப்புப் பட்டையின் விளிம்பில் வரிசையாக வெள்ளை நூல் தையல். தோளில் மாட்டும் தோல் வார்.

“டிக்கெட் பை!” என்றாள்.

*

டெப்போ கேன்டீனில் கண்டக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அதே டிரைவரோடு அதே தடத்தில் போய்வருகிறவர். பழுப்பு நிறத் தோல் பை மேஜைமேல் இருந்தது. எதிரே டீ ஆடை கட்டிக் கிடந்தது.

போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“உங்க டிரைவர் குறட்டை விடுவாரா?”

“அதை ஏன் கேட்கறீங்க!” கண்டக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணன் குறட்டை விட்டா ஜன்னல் கண்ணாடியெல்லாம்...”

பாதியில் நின்றுவிட்டார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை.

“ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்” என்று சுண்டெலி முடித்துவைத்தாள். “பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்க. நின்னு எடுத்தும் இருக்கீங்க.”

கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். பிறகு போனை எடுத்து மேஜையில் வைத்தார், ஏதோ சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல.

“விளையாட்டுக்கு எடுத்தேன் சார். கடைசி ஸ்டாப்புல நாற்பது நிமிஷம் பிரேக். வண்டியில ஒரு ஜனம் கிடையாது. முந்தின நாள் ஆள் இல்லைன்னு அண்ணனுக்கு ரெண்டு ஷிப்ட் போட்டுட்டாங்க. அசந்துட்டார். நான் எடுத்து டெப்போ குரூப்புல போட்டேன். ‘வண்டி எஞ்சின் ஆஃப், அண்ணன் எஞ்சின் ஆன்’னு எழுதி. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனும்தான் சிரிச்சார்.”

“குரூப்புல எத்தனை பேர்?”

“இருநூத்துப் பன்னிரண்டு. அங்கேருந்து யார் கைக்குப் போச்சுன்னு சத்தியமாத் தெரியாது.”

போனில் அசல் படம் இருந்தது. பகல் 2 மணி 12 நிமிஷம். கண்ணாடிக்கு வெளியே, மாறி மாறிப் பரவிய படத்தில் வெட்டப்பட்டிருந்த இடத்தில், கடைசி ஸ்டாப்பின் காலிப் பெஞ்சுகள் தெளிவாகத் தெரிந்தன.

“எட்டு நாளா இதை வச்சுக்கிட்டு ஏன் சும்மா இருந்தீங்க?” என்றார் போஸ்ட்மாஸ்டர். குரலில் கோபம் இல்லை. அது கண்டக்டரை இன்னும் வாட்டியிருக்க வேண்டும்.

“என்னையும் தூக்கிடுவாங்கன்னு பயம் சார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சொல்லிடணும்னுதான் போனேன். அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘புது டிரைவர் உன்னைச் சாப்பிட விடறானா’ன்னு கேட்டார். அப்பவும் வாய் வரலை.”

“நாளைக்குப் பத்து மணிக்கு வாய் வரணும்.”

“வர்றேன் சார்.”

“வராட்டி உங்க படத்தை நாங்க போட்டுடுவோம்” என்றாள் சுண்டெலி.

யாரும் சிரிக்கவில்லை. அவளே கூட.

வெளியே வந்து இரண்டு பஸ் தாண்டும்வரை அவள் பேசவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அது காய்ச்சல் அறிகுறி.

“என்ன?” என்றார் மாமா.

“குடிச்சுட்டு ஓட்டினார்னு சொல்லித்தானே அவரை அடிச்சாங்க? அந்த மஞ்சள் வரியில குடிங்கற வார்த்தையே இல்லை. பார்த்தவங்க அவங்கவங்களா சேர்த்திருக்காங்க.” செருப்பின் நுனியால் ஒரு கல்லைத் தள்ளினாள். “நானும் சேர்த்தேன் மாமா. ‘குடிகாரன் கையில உங்க உசிரு, பார்த்து ஏறுங்க’ன்னு எழுதி பதினோரு பேருக்கு அனுப்பினேன். அந்தப் பொண்ணு நம்ம வாசல்ல வந்து நிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி.”

போஸ்ட்மாஸ்டர் நடந்துகொண்டே இருந்தார்.

“திட்டுங்களேன்.”

“பதினோரு பேருக்கும் எழுது. பொய்னு சொல்லு. நான் திட்டறதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவள் அங்கேயே ஒரு கடை நிழலில் நின்று எழுதி அனுப்பினாள். ஏழு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். மூன்று பேர் பார்க்கவேயில்லை. ஒருத்தி மட்டும் பதில் எழுதியிருந்தாள்: ‘எந்தப் படம்?’

*

“விசாரணைக்கு கண்டக்டர் போதுமே. கேஸ் முடிஞ்சுதுல்ல?” என்றாள் சுண்டெலி.

“எடுத்தது யாருன்னு மட்டுமா அந்தப் பொண்ணு கேட்டா? போட்டது யாருன்னும் கேட்டிருக்காளே.”

படத்தை முதலில் போட்டது ‘நம்ம ஊர் மூச்சு’ என்றொரு பக்கம். நடத்துவது யார் என்று எங்கேயும் இல்லை. ‘சாதாரண மக்களின் குரல்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“சாதாரண மக்கள் ஒண்ணரை மணியிலேருந்து ரெண்டு வரைக்கும் மூச்சு விடறதே இல்லை மாமா” என்றாள் சுண்டெலி, பக்கத்தைத் தள்ளிப் பார்த்தபடி. “தினமும் அந்த அரைமணி நேரம் ஒண்ணுமே போடலை. அப்போ சாப்பாட்டுக்கு மணி அடிக்கற ஆபீஸ் இது. இங்க பாருங்க, ‘இப்போதுதான் எடுத்தோம்’னு ஒரு ரோட்டுப் பள்ளம். ஜன்னல்லேருந்து எடுத்திருக்காங்க. கீழ வெள்ளையா என்ன தெரியுது?”

“பூசணிக்காயா?”

“பல்லு! ஆளுயரப் பல்லு. அதுக்குக் கீழதான் போன வருஷம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. மயக்கம் தெளிஞ்சு வெளிய வந்து, என் பல்லைத்தான் மாட்டி வச்சிருக்காங்கன்னு நினைச்சுப் பயந்துட்டேன்.”

பல் ஆஸ்பத்திரியின் பிரமாண்டமான பல்லை மேலேயிருந்து பார்க்கக்கூடிய ஜன்னல்கள் எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மட்டும்தான் இருந்தன. கதவில் ‘கம்ப்யூட்டர் பயிற்சி மையம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பயிற்சி பெறுகிறவர்கள் எல்லாருமே நன்றாகப் பயிற்சி பெற்றவர்களாகத் தெரிந்தார்கள். இரண்டு நீள மேஜைகள், பத்துப் பதினைந்து பேர், தலை நிமிராத வேகம்.

இரண்டு போன் வைத்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். பொறுப்பாளர். கண்டக்டரின் அசல் படத்தைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

“நாங்க என்ன சார் பொய் சொன்னோம்? தூங்கறார்னு போட்டோம். தூங்கறாரா இல்லையா? குடி, கிடியெல்லாம் ஜனங்க சேர்த்துக்கிட்டது.”

“வண்டி நின்ன இடத்தை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்களே?”

“அளவுக்குப் பொருந்தணும்ல?” அவர் கையை விரித்தார். “இது அந்த டிரைவரைப் பத்தின விஷயமே இல்லை சார். அந்த மேஜை வரி எழுதும். இந்த மேஜை படம் தேடும். நடுவுல நான் ரெண்டையும் சேர்ப்பேன். எழுதினவங்களுக்குப் படம் தெரியாது. தேடினவங்களுக்கு வரி தெரியாது. வரியில சொன்ன ஓட்டுநர், மேயர். ஊரை ஓட்டறவர் தூங்கறார்னு அர்த்தம். மேயர் தூங்கற படம் கிடைக்கலை, டெப்போவுல ஒருத்தர் இதைக் கொடுத்தார். அம்சமா உட்கார்ந்துடுச்சு.”

“அந்த அம்சத்துக்கு ஒருத்தர் எலும்பு முறிஞ்சிருக்கு” என்றாள் சுண்டெலி.

“வருத்தம்தான்மா. வேணும்னா எடுத்துடறேன். அதுவும் வேலையை முடிச்சுடுச்சு.” அவர் நிஜமாகவே போனைத் தட்டி எடுத்துவிட்டார். நாலு லட்சம் பேர் பார்த்ததை நீக்க அவருக்கு இரண்டு விநாடி ஆனது. “ஆனா வரி என்ன வரி சார் அது! அன்னிக்கு ஆபீஸே எழுந்து நின்னு கைதட்டினோம் அந்தப் பொண்ணுக்கு.”

“எந்தப் பொண்ணுக்கு?”

“பேரெல்லாம் வெளிய சொல்றதில்லை.”

வரி எழுதும் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மேலே சுவரில், அந்த மாதத்தின் நல்ல வரிகளை அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். எதன்கீழும் பெயர் இல்லை. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெருங்கினார். பத்தொன்பது வருஷம் கையெழுத்தில்லாத கடிதங்களை முகர்ந்தவர் அவர். அதிகநேரம் பிடிக்கவில்லை.

“உன் போனைக் கொடு” என்றார்.

‘அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர்..’ என்று தொடங்கிய மெசேஜைச் சுவரிலிருந்த ‘ஓட்டுநர் உறங்குகிறார்..’ வரிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“ஊர்ல பத்துக்கு எட்டுப் பேர் டிரைவர்னுதான் எழுதுவாங்க. மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ‘ஓட்டுனர்’னு ரெண்டு சுழி ன போடுவார். தந்நகரம் போட்டு ‘ஓட்டுநர்’னு எழுதணும்னா, அந்த வார்த்தை வீட்டுக்குள்ள புழங்கியிருக்கணும். வாக்கியம் முடிஞ்சா ஒரு புள்ளி, இழுத்தா மூணு. இங்க எல்லாத்துலயும் ரெண்டு. கேள்விக்குறிக்கு முன்னாடி ஒரு இடம் விட்டு...”

அவர் முடிக்கவில்லை. சுண்டெலி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். ‘டைப்பிங் வேலை’ என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரைவரின் மகள் தையல்கடை மாடிப்படியில் காத்திருந்தாள். அவர்கள் ஏறிவந்த விதத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ல போனீங்களா?” என்றாள்.

“போனோம்.”

“படம் யாருதுன்னு எனக்குத் தெரியாது சார். மேயரை நினைச்சுத்தான் எழுதினேன். காலையில ஏழு மணிக்கு ஆபீஸ் குரூப்புல எங்களுக்குத்தான் முதல்ல வரும். திறந்தேன். எங்கப்பா.”

“உடனே எடுக்கச் சொல்லியிருக்கலாமே?” என்றாள் சுண்டெலி.

“சொல்லியிருக்கலாம். ஏழு மணிக்கு நூறு பேர்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க.” விரல்களை நெரிக்கவில்லை இப்போது. கைகள் மடியில் செத்துக் கிடந்தன. “எங்கப்பா பஸ் ஓட்டறவர்னு ஆபீஸ்ல யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. கம்பெனியில மானேஜர்னு சொல்லி வச்சிருந்தேன். பதினோரு மணிக்கு எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. நானும் எழுந்து நின்னு சிரிச்சேன் அக்கா. மூணாவது நாள் அப்பாவை அடிச்சாங்க. அதுக்கப்புறம் நான் அங்க போகலை.”

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

“அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தே?” போஸ்ட்மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

“எடுத்தவன்னு ஒருத்தன் இருப்பான், கொடுத்தவன் ஒருத்தன் இருப்பான். அவங்கதான் காரணம்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா... என் பங்கு கொஞ்சம் குறையும்னு நினைச்சேன்.”

அவர் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “நாளைக்கு கண்டக்டர் வர்றார். அப்பா வேலை போகாது. உன் பேரு எங்கேயும் வரணும்னு அவசியமில்லை. நாங்க சொல்லவும் போறதில்லை.”

“அது இன்னும் கஷ்டம் சார்” என்றாள் அவள்.

*

மறுநாள் டெப்போ மானேஜர் அறையில் நாற்காலிகள் போதவில்லை. டிரைவர் வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, இஸ்திரி போட்ட சீருடையில் உட்கார்ந்திருந்தார். மகள் சுவரோரம் பெஞ்சில் இருந்தாள்.

பத்தாகியும் கண்டக்டரைக் காணோம். சுண்டெலி வாசலையே பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்து, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய அவர் வந்து நின்றார். ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். மானேஜர் போனிலிருந்த நேரத்தையும் டியூட்டிச் சீட்டையும் ஒப்பிட்டார். இரண்டு முதல் இரண்டு நாற்பதுவரை ஓய்வு. முந்தின நாள் இரட்டை ஷிப்ட் போட்டவர் யார் என்று தேடினால் அவருடைய சொந்தக் கையெழுத்தே கீழே இருந்தது. அதைப் பார்த்ததும் மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி. குற்றச்சாட்டு ரத்து. குணமானதும் வேலைக்கு வாங்க.” பிறகு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “அந்த வரியை எழுதினவங்க மேல போலீஸ்ல புகார் கொடுக்கறதுன்னா நிர்வாகம் துணைக்கு நிக்கும். கொடுக்கறீங்களா?”

“வேண்டாம் சார்” என்றார் டிரைவர். அதுதான் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

பெஞ்சு கிரீச்சிட்டது.

“நான்தான்பா எழுதினேன்.”

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும். உட்காரு.”

“அப்பா...”

“அன்னிக்குக் காலையில நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதே. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியறதுக்கு முன்னாடி. எனக்கே ஒன்பது மணிக்குத்தான் தெரியும். என்னடா இவளுக்கு ஏழு மணிக்கே துக்கம்னு யோசிச்சேன். அப்புறம் படத்தைக் காட்டினாங்க. வரியைப் படிச்சேன். என்னை ஓட்டுநர்னு எழுதறது நீ ஒருத்திதான். புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சும் ஏன்பா என்னைக் கேட்கலை?”

அவர் அப்போதுதான் மகளைப் பார்த்தார்.

“கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பே. தோள் வலியோட அதையும் தாங்க முடியாதுன்னு விட்டுட்டேன்.”

அவள் உட்காரவில்லை. மேஜைப் பக்கம் நடந்துவந்தாள். மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சுண்டெலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மானேஜர் அவசரமாக ஒரு தாளை நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது.”

டிரைவர் இடது கையில் பேனாவை வாங்கினார். முதல் எழுத்தை எழுதுவதற்குள் தாள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மகள் குனிந்து அதன் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்தாள். அவர் ‘விடு’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக, நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார்.